கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வண்டியில் எங்கே இருக்கும்? குன்னூர் ஏற்றத்தில் இழுவை இல்லை, பட்டறையில் அறுக்கச் சொல்கிறார்கள்

கேத்திக்காரன் | ஞாயிறு, இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2013 மாடல், மூன்று சிலிண்டர், 1000 சிசி பெட்ரோல் கார். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக மேட்டுப்பாளையத்திலிருந்து வரும்போது பர்லியார் தாண்டியதும் திணறுகிறது. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவதிலேயே முக்குகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் 3000 ஆர்பிஎம்மைத் தாண்ட மாட்டேன் என்கிறது. செக் இன்ஜின் விளக்கு சில நாள் எரிகிறது, சில நாள் தானாக அணைந்துவிடுகிறது.

போன வாரம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ரேம்ப்பில் ஏற்றி, முன்சீட்டுக்கு நேர் கீழே உள்ள ஓர் உருளையைக் காட்டி, "இதுதான் கேட்கான், உள்ளே அடைச்சிருச்சு. அறுத்துட்டு நேர் பைப் வெச்சு வெல்டிங் பண்ணிட்டா பிக்கப் வந்துரும்" என்றார்கள். கேட்கான் என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையின் நஞ்சைக் குறைக்கிற டப்பாவாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் குனிந்து பார்த்தால் சைலன்சர் பைப்பில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. நடுவில் ஒன்று, பம்பர் பக்கம் ஒன்று. இதில் கன்வெர்ட்டர் எது? அறுக்க விடலாமா? அப்பாவை மாதம் ஒரு தடவை கோயம்புத்தூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். வண்டி இல்லாமல் முடியாது.

கல்லார் மெக்கானிக் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, யாரையும் அறுக்க விடாதீங்க. முதலில் அது எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள். நான் மேட்டுப்பாளையத்தில் சைலன்சர் வேலையே பல வருஷம் பார்த்தவன். இந்தப் பெட்டியை மாற்றிக் காட்டுவது ரொம்ப சகஜம். சில பேருக்கு நிஜமாகவே தெரியாது.

எல்லாரும் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து தேடுகிறார்கள். இன்ஜினிலிருந்துதான் தேட வேண்டும். புகை எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் போங்கள். பானெட்டைத் திறந்தால் ஏர் பில்டரிலிருந்து ஒரு தடித்த குழாய் இன்ஜினுக்குப் போகும். அது சேருகிற இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக்கில் கிளை கிளையாக இருப்பது காற்று உள்ளே போகிற மேனிபோல்டு. பெரும்பாலான இன்ஜினில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் புகை வெளியே வரும். வண்டியைப் பொறுத்து அது ரேடியேட்டர் பக்கமும் இருக்கலாம், டேஷ்போர்டு பக்கச் சுவரை ஒட்டியும் இருக்கலாம். அங்கே மெல்லிய தகரத்தில் ஒரு மூடி தெரியும். அது ஹீட் ஷீல்டு. அதற்குள்ளே இரும்பு மேனிபோல்டும், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு சொம்பு அளவுக்கு உப்பிய டப்பாவும் இருந்தால், அதுதான் கன்வெர்ட்டர். உங்கள் மாடல் வருஷத்து சின்ன பெட்ரோல் வண்டிகளில் அநேகமாக அங்கேதான் வைத்திருப்பார்கள்.

அடையாளம் ஒயரில் இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார். ஸ்பார்க் பிளக் மாதிரி திருகியிருக்கும், வாலில் நாலு ஒயர் போகும். இரண்டு சென்சாருக்கும் நடுவில் எந்த டப்பா மாட்டியிருக்கிறதோ அதைத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. ஒயரே போகாமல், பைப்பைவிடக் கொஞ்சம் தடிமனாக நடுவில் இருப்பது ரெசொனேட்டராக இருக்கவே வாய்ப்பு அதிகம், சத்தத்தை அடக்குவதற்கு. கடைசியில் நீள்வட்டமாக இருப்பது மப்ளர். அதைத்தான் நாம் சைலன்சர் என்கிறோம். ஆனால் சில வண்டிகளில் இன்ஜினை ஒட்டி ஒன்று, தரைக்கு அடியில் இன்னொன்று என்று இரண்டு கன்வெர்ட்டர் வரும். பழைய மாடல்களில் அடியில் மட்டுமே இருக்கும். அதனால் என் பேச்சை மட்டும் நம்பாமல் வண்டியின் சர்வீஸ் படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

ஒன்று முக்கியம். வண்டி ராத்திரி முழுக்க ஆறிய பிறகு காலையில் பாருங்கள். ஓடி நின்ற வண்டியில் அந்த டப்பா 400 டிகிரிக்கு மேலே சூடாக இருக்கும், தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம், கேத்தியில் சமதரை கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். சரிவில் ஜாக்கி வைத்துவிட்டு அடியில் படுக்காதீங்க. கொஞ்ச தூரம் போனாலும் சரி, சமமான இடமாகப் பார்த்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படுங்கள்.

ஊட்டி டீச்சர் | திங்கள், காலை 6.30

நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். கல்லார் அண்ணா சொன்னதற்கு, அது ஏன் இன்ஜினை ஒட்டி இருக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகளோடு ஒரு பீங்கான் கட்டி இருக்கும். துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாக இருக்கும். புகை அதன் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாத பெட்ரோல் ஆவி கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகிறது. நைட்ரஜன் ஆக்சைடு நைட்ரஜனாகப் பிரிகிறது. ஆனால் இந்த வேலை தொடங்க அந்தக் கட்டிக்கு ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி சூடு வேண்டும். அதுவரை புகை அப்படியே வெளியே போகும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில்தான் ஒரு கார் அதிகமாக நஞ்சைக் கக்குகிறது. அதனால்தான் தரைக்கு அடியில் இருந்ததை இன்ஜினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், சீக்கிரம் சூடாகிவிடும்.

ஊட்டியில் ஜனவரி காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, அரை கிலோமீட்டரில் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பினால் அந்தக் கட்டி வேலையே ஆரம்பித்திருக்காது. இன்னொன்றும் உண்டு. எரிந்த பெட்ரோலில் உண்டான தண்ணீர் ஆவியாகிப் போகாமல் மப்ளரிலேயே தங்கித் துருப்பிடிக்க வைக்கும். பைப்பில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சின்னத் தூரம் மட்டுமே ஓடுகிற வண்டியை வாரம் ஒரு நாள் நன்றாகச் சூடேறும்படி ஓட்டினால் போதும்.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான்.

கோத்தகிரி பிக்கப் | திங்கள், மதியம் 1.05

நான் கேரட், பீட்ரூட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவன். மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் அப்பா காலத்து ஜீப்பில் இந்த டப்பா எதுவும் கிடையாது. எஸ்டேட் ரோட்டில் அது ஏறாத மேடு கிடையாது. அடைத்துக்கொண்டால் எடுத்துவிட வேண்டியதுதானே? புதிது போட ஆகிற செலவுக்கு எங்கள் மாதிரி ஆட்களுக்கு இரண்டு மாத டியூ கட்டலாம்.

இன்னொரு கேள்வி. என் பிக்கப் டீசல், 2021 மாடல், பிஎஸ் 6 புகை விதிப்படி வந்தது. அதில் இது எங்கே இருக்கிறது?

கல்லார் மெக்கானிக் | திங்கள், இரவு 9.20

கோத்தகிரி தம்பி, உங்கள் கஷ்டம் புரியுது. ஆனால் அப்பாவின் ஜீப்பில் அந்த டப்பாவை நம்பி ஒரு கம்ப்யூட்டர் இல்லை. இப்போதைய வண்டியில் பின் சென்சார் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து விளக்கை எரிய வைத்துவிடும். நிரந்தரமாக எரிகிற விளக்கு இருந்தால் நாளைக்கு வேறு நிஜமான கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. சட்டப்படியும் தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 190(2) பிரிவில் புகை மாசுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று. நம் ரோடு எப்படிப்பட்டது? சீசனில் பஸ்ஸும் லாரியும் காரும் ஒன்றன் பின் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஊர்ந்து போகும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரம், காற்று நகராது. பைக்கில் குழந்தையை முன்னால் உட்கார வைத்துப் போகிறவர் முன்வண்டியின் புகையைத்தான் சுவாசிக்கிறார். அந்த டப்பாவை எடுத்துவிட்ட வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள், கண் எரியும். நான் பல வருஷம் கஸ்டமர் கேட்டார்கள் என்று எடுத்துக் கொடுத்தவன்தான். இப்போது செய்வதில்லை.

உங்கள் டீசலுக்கு வருகிறேன். டர்போவை விட்டு வெளியே வந்ததும் ஒரு பெரிய டப்பா இருக்கும். அதில் முதல் பகுதி ஆக்சிஜனேற்றம் செய்கிற கேட்டலிஸ்ட், அடுத்தது புகைக்கரியைப் பிடித்துவைக்கிற வடிகட்டி, டிபிஎப் என்பார்கள். அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் ஓர் அழுத்த சென்சாருக்குப் போவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உங்கள் வண்டியில் டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால், யூரியாத் திரவம் பீய்ச்சுகிற இன்னொரு கேட்டலிஸ்டும் பின்னால் இருக்கிறது.

டிபிஎப் தனக்குள் சேர்ந்த கரியைத் தானே எரித்துக்கொள்ள நல்ல சூடு வேண்டும். லோடோடு நீங்கள் ஆக்சிலேட்டரை விட்டு, கியரிலேயே கீழே இறங்கும்போது இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும், டப்பா ஆறிக்கொண்டே வரும். எரிக்கிற வேலை நடக்கும்போது இன்ஜினை அணைத்தால் பாதியில் நின்று, கரி இன்னும் சேரும். டேஷ்போர்டில் டிபிஎப் விளக்கு வந்தால் மேட்டுப்பாளையம் தாண்டி சமவெளி ரோட்டில் இருபது நிமிஷம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். எடுத்து எறிவதைவிட அது மலிவு.

கேத்திக்காரன் | செவ்வாய், காலை 8.10

கண்டுபிடித்துவிட்டேன்! ஆறரை மணிக்கே எழுந்து பார்த்தேன். என் வண்டியில் அது டேஷ்போர்டு பக்கச் சுவரை ஒட்டி, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஷீல்டு மட்டும்தான் தெரிந்தது. போனில் டார்ச் போட்டு, கையை இடுக்கில் விட்டு வீடியோ எடுத்ததில் உப்பிய டப்பாவும் முதல் சென்சாரும் தெரிந்தன. இரண்டாவது சென்சாரை அடியிலிருந்து பார்த்தேன், டப்பா முடிந்து பைப் வளைகிற இடத்தில் இருக்கிறது. பட்டறையில் காட்டிய நடுப்பெட்டியில் ஒரு ஒயர்கூட இல்லை. சர்வீஸ் படத்திலும் அதற்கு ரெசொனேட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. அதை அறுத்திருந்தால் காசும் போய், சத்தமும் கூடி, திணறலும் அப்படியே இருந்திருக்கும்.

ஒரு சந்தேகம். ரப்பர் சுத்தியால் டப்பாவை லேசாகத் தட்டினேன். உள்ளே ஏதோ உருள்கிற மாதிரி சத்தம் வருகிறது, கிலுகிலுப்பை மாதிரி.

பர்லியார் வளைவு | செவ்வாய், காலை 9.00

ஷீல்டு தகரத்தின் போல்ட் துருப்பிடித்து லூசாகிப் போனாலும் அந்தச் சத்தம் வரும். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஷீல்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, மலை ஏறும்போது இழுவை குறைவது கொஞ்சம் இயல்புதான். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் சக்தி குறையும். 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டிக்கு வரும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கீழே நன்றாக ஓடுகிற வண்டி மேலே மந்தமானால் கன்வெர்ட்டர்மீது பழி போடும் முன் இதை யோசிக்க வேண்டும்.

கேத்திக்காரன் | செவ்வாய், காலை 9.25

ஷீல்டை அழுத்திப் பிடித்தும் சத்தம் வருகிறது. உயரம் காரணமாக இருக்காது அண்ணா. பர்லியார் ரொம்ப உயரம் இல்லையே, அங்கேயே திணறுகிறது. இதே வண்டி போன வருஷம் ஏறியதுதானே?

கல்லார் மெக்கானிக் | செவ்வாய், இரவு 9.45

அப்படியென்றால் உள்ளே பீங்கான் உடைந்திருக்கிறது. ஆனால் தம்பி, நேராகப் புதிது வாங்கி மாட்டாதீங்க. அது தானாக உடையாது. காரணத்தைச் சரி செய்யாமல் புதிது மாட்டினால் அதுவும் போய்விடும்.

ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போய், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழைய கோளாறு எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். பி0420 வந்தால் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. பி0300-லிருந்து பி0303 வரை ஏதாவது இருந்தால் சிலிண்டரில் மிஸ்பயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. அந்தச் சிலிண்டரின் எரியாத பெட்ரோல் முழுக்க டப்பாவுக்குள் போய் எரியும். சூடு 1000 டிகிரியையும் தாண்டும், பீங்கான் உருகி வழியை அடைத்துக்கொள்ளும். செக் இன்ஜின் விளக்கு விடாமல் எரிவது வேறு, விட்டு விட்டு மின்னுவது வேறு. மின்னினால் அந்த நொடியே கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓரம் கட்டணும்.

அப்புறம், வேலை செய்யாமல் போவதும் அடைப்பதும் ஒன்றில்லை. வேலை செய்யாமல் போனதைச் சென்சார் சொல்லும். முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின் சென்சார் ஓரளவு ஆடாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் பூச்சு போய்விட்டது. ஆனால் அடைப்பை அழுத்தம்தான் சொல்லும். முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, ஒன்றரை பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ அழுத்தத்தின் அளவு) இருக்கணும். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் பாதையில் எங்கேயோ அடைப்பு. இது பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் யாராவது "அடைச்சிருச்சு" என்று சொன்னால் அது கண்ணால் பார்த்துச் சொல்கிற ஊகம்தான்.

ஊட்டி டீச்சர் | புதன், காலை 6.50

கேத்திக்காரன் தம்பி, ஒன்று கேட்கலாமா? குளிரில் பேட்டரி இறங்கி, வண்டியை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்கிற பழக்கம் உண்டா? நம் மலையில் எல்லாரும் செய்கிறோம், சரிவு இருக்கிறதே என்று. ஆனால் இன்ஜின் பிடிப்பதற்குள் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் இறங்கிவிடும். பல கார்களின் கையேட்டிலேயே தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று இதற்காகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கேத்திக்காரன் | புதன், காலை 7.15

உண்டு டீச்சர். டிசம்பர் முழுக்க தினமும் அப்படித்தான். பேட்டரிக்கு ஐந்து வருஷம் ஆகிறது, மாற்றலாம் மாற்றலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இது இதோடு சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

மசினகுடி ரோடு | புதன், மாலை 6.40

இழைக்குக் கொஞ்சம் விலகித்தான் எழுதுகிறேன், ஆனால் இந்த மாதத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள் அது எதற்கு மேல் நிற்கிறது என்றும் பாருங்கள். உறைபனியில் கருகிய புல் ஜனவரியிலிருந்து மழை வரும்வரை காகிதம் மாதிரி காய்ந்து கிடக்கும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு வரும் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவையும் ஏறி முடித்த வண்டியை, யானை தெரிகிறது என்று ரோட்டோரப் புல்லில் ஏற்றி நிறுத்துகிறார்கள். தரைக்கு அடியில் கன்வெர்ட்டர் இருக்கிற வண்டியென்றால் அந்தச் சூடு முழுக்கப் புல்மேல்தான். அப்படிப் புகைய ஆரம்பித்ததை என் கண்ணால் பார்த்து, நாங்கள் மூன்று பேர் தண்ணீர் பாட்டிலும் மண்ணும் கொண்டு அணைத்தோம். காற்று அடித்திருந்தால் எங்கள் கையில் இருந்திருக்காது. தார் மேலேயோ வெறும் மண்ணிலேயோ நிறுத்துங்கள். டீசல் வண்டியில் டிபிஎப் கரியை எரிக்கும் நேரத்தில் சூடு இன்னும் அதிகம்.

கோத்தகிரி பிக்கப் | புதன், இரவு 8.30

இது எனக்குத் தோன்றவே இல்லை. லோடு ஏற்ற தோட்டத்து வரப்பில் காய்ந்த புல்லில்தான் நிறுத்துவேன். இனி பார்த்துக்கொள்கிறேன். கல்லார் அண்ணா, டிபிஎப் விளக்கு பற்றிச் சொன்னதற்கும் நன்றி. போன மாதம் இரண்டு தடவை வந்தது, நான் அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். எடுத்து எறியலாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கேத்திக்காரன் | அடுத்த திங்கள், இரவு 9.05

முழு விவரமும் எழுதுகிறேன், பின்னால் தேடுகிறவர்களுக்குப் பயன்படும்.

மேட்டுப்பாளையத்தில் ஸ்கேனரும் கேஜும் வைத்திருக்கிற வேறொரு பட்டறைக்குப் போனேன். பி0302 பதிவாகியிருந்தது, இரண்டாவது சிலிண்டர் மிஸ்பயர். பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலைக் கழற்றினால் அடியில் ரப்பர் வெடித்து ஒரு கீறல். மழைநாளில் ஈரம் இறங்கி விட்டுவிட்டுத் தீப்பொறி தவறியிருக்கிறது, விளக்கு வந்து வந்து போனதும் அதனால்தான். அழுத்தம் 2500 ஆர்பிஎம்மில் ஐந்து பிஎஸ்ஐ. கன்வெர்ட்டரைக் கழற்றிக் குழாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினார்கள். தேன்கூட்டில் பாதி உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டிப்போய் இருந்தது, மீதி துண்டு துண்டாக உருண்டது. டீச்சர் சொன்ன தள்ளி ஸ்டார்ட்டும் கூடச் சேர்ந்திருக்கும் என்றார்கள்.

கல்லார் அண்ணா எழுதிய வரிசையிலேயே செய்தேன். முதலில் காயிலும் மூன்று பிளக்கும். பிறகு பேட்டரி. கடைசியாகக் கன்வெர்ட்டர். செலவு கைக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஒரு தங்க நாணயத்தை அடகு வைத்தேன். ஆனால் புதிது மாட்டிய பிறகும் அழுத்தம் 3-க்குக் கீழே வரவில்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்தப் பட்டறைக்காரர் நிதானமாக நடுப்பெட்டியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். பீங்கான் துண்டுகள் ஒரு பிடி கொட்டின. உடைந்தது பைப் வழியே போய் ரெசொனேட்டரின் வாயில் சிக்கியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்து மாட்டியதும் ஒரு பிஎஸ்ஐக்கு வந்துவிட்டது.

கல்லார் மெக்கானிக் | அடுத்த திங்கள், இரவு 9.50

அந்தத் துண்டுகளை மறக்காமல் தேடியவர் நல்ல வேலைக்காரர், அவரை விட்டுவிடாதீங்க. பழைய கன்வெர்ட்டரை என்ன செய்தீங்க? அதில் பிளாட்டினமும் ரோடியமும் இருக்கிறது, பழைய சாமான் கடையில் நல்ல விலைக்கு எடுக்கிறார்கள். அறுத்து எடுத்ததைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் பாதிப் பேருக்கு வழக்கம். உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள்.

கேத்திக்காரன் | அடுத்த திங்கள், இரவு 10.10

அவர்களே துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள் அண்ணா. நாளைக்குக் கேட்டுப் பார்த்து விற்கிறேன், நாணயத்தை மீட்க உதவும். வரும்போது அப்பா முன்சீட்டில் இருந்தார். பர்லியார் தாண்டியதும் மூன்றாவது கியரிலேயே ஏறியது. "என்னடா, வண்டி மாத்திட்டியா?" என்றார்.